லிஃப்ட் செய்த தாருக்கு ஸ்டெபிலைசர் லிங்க் நீளம் எவ்வளவு வைக்கலாம்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2021 மஹிந்திரா தார், டீசல்; முன்னும் பின்னும் ஸ்பேசர் (வண்டியை உயர்த்த இடையில் வைக்கும் துண்டு) போட்டு 2 இன்ச் தூக்கியாகிவிட்டது, டயரும் ஒரு சைஸ் பெரிசு. அதிலிருந்து ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முன்னால் ‘டக்’கென்று சத்தம். வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. அப்பத்தாவைக் குன்றக்குடிக்கு அழைத்துப் போனால், வளைவில் சாய்கிற சாய்ப்புக்கு அவர் கைப்பிடியை விடுவதே இல்லையாம். ஒரு கடையில் “2 இன்ச் தூக்கினா 2 இன்ச் நீள லிங்க் போடணும்” என்கிறார்கள். இன்னொரு நண்பர் “ஸ்டெபிலைசர் பாரையே கழட்டிப் போடு, ஆஃப் ரோடுக்கு அது எதுக்கு” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி.

தம்பி, பாரைக் கழற்ற வேண்டாம். அளக்காமல் 2 இன்ச் கூட்டிய லிங்க்கையும் வாங்க வேண்டாம். எத்தனை இன்ச் தூக்கினோம் என்பதை மட்டும் வைத்து லிங்க்கின் நீளத்தைச் சொல்லிவிட முடியாது. தூக்கிய பிறகு சக்கரம் மேலே எதுவரை ஏறுகிறது, கீழே எதுவரை தொங்குகிறது என்ற இரண்டு எல்லைகளைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். வண்டி நிற்கிற உயரம் அந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புரிந்துகொண்டால் நீங்களே பக்கத்தில் நின்று வேலை வாங்கலாம்.

பார் என்ன செய்கிறது என்பதிலிருந்து வருவோம். சேசிஸின் குறுக்கே ஓடுகிற அந்த இரும்புக் கம்பி இரண்டு ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது. அதன் இரு முனைகளும் கை போல மடங்கி நீள்கின்றன. ஒவ்வொரு கை நுனியிலிருந்தும் ஒரு லிங்க் சக்கரத்தின் பக்கம் போகிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எதையும் தடுக்காது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் அதற்கு வேலை. ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி நடுக்கம்பி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு வண்டியின் சாய்வை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். இவ்வளவு விசையும் போய் வருவது விரல் பருமன் உள்ள லிங்க் வழியாகத்தான். அதனால்தான் லிங்க்கின் நீளமும் கோணமும் தப்பினால் வண்டி உடனே சத்தம் போடுகிறது.

கம்பெனியில் வண்டியை வடிவமைக்கும்போது, நிற்கும் உயரத்தில் பாரின் கையும் லிங்க்கும் ஏறக்குறைய 90 பாகையில் இருக்கும்படி வைப்பார்கள். அப்போது சக்கரம் மேலே போனாலும் கீழே போனாலும் பார் ஒரே சீராகத் தடுக்கும். நீங்கள் வண்டியைத் தூக்கியதும் சக்கரம் சேசிஸை விட்டுக் கீழே தள்ளிப் போகிறது. பழைய நீள லிங்க் பாரின் கையைக் கீழே இழுத்துக்கொண்டே போக, கைக்கும் லிங்க்குக்கும் இடையே உள்ள கோணம் விரிகிறது. பாரின் வேலை இதனால் குறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். லிங்க் நேராக நிற்கிற வரைக்கும் நடப்பது அதற்கு நேர் எதிர். கோணம் 135 பாகைக்கு விரிந்துவிட்டால், சக்கரத்தின் அதே சிறு அசைவுக்கு லிங்க் மேல் விழும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு பக்கம் முரட்டுத்தனமாக விறைக்கும், மறுபக்கம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இன்னும் விரிந்து கையும் லிங்க்கும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால் கை மறுபுறம் திருப்பிக்கொள்ளும். அப்படித் திருப்பிக்கொண்டு சக்கரம் மேலே வரும்போது லிங்க் வளையும், அல்லது லிங்க் முனையிலுள்ள பால் ஜாயிண்டின் (எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு) ஸ்டட், அதாவது மரைத் தண்டு, உடையும். உடைந்த முனை பக்கத்தில் இருக்கிற பிரேக் ஹோஸையோ டயரையோ குத்தக்கூடும். நீள லிங்க் போடச் சொல்வதன் உண்மையான காரணம் இதுதான்.

அப்படியென்றால் கடைக்காரர் சொன்ன 2 இன்ச் சரிதானே என்று கேட்பீர்கள். முன் ஆக்சில் இரு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே ஹவுசிங்காக இருக்கிற ஜிம்னி, ஜிப்ஸி போன்ற வண்டிகளில் அந்தக் கணக்கு கிட்டத்தட்டப் பொருந்தும். லிங்க்கின் ஒரு முனை ஆக்சிலிலேயே இருப்பதால் ஆக்சில் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு லிங்க்கும் நீள வேண்டும். 2020 அக்டோபரில் வந்த தார் அப்படியில்லை. முன்பக்கம் டபுள் விஷ்போன் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் பிடித்து ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும்; பின்பக்கம்தான் மல்டி லிங்க்கோடு கூடிய ரிஜிட் ஆக்சில், இரு சக்கரமும் ஒரே ஹவுசிங்கில். ஸ்டெபிலைசர் பார் இரண்டு பக்கமும் உண்டு. ஆகவே முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு.

இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் லிங்க்கின் கீழ் முனை எங்கே பிடித்திருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) பிடித்திருந்தால் சக்கரத்தின் அசைவு ஏறத்தாழ முழுதாக லிங்க்குக்கு வரும். லோயர் ஆர்மின், அதாவது சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கையின், நடுவே எங்காவது பிடித்திருந்தால் ஒரு பங்குதான் வரும். அந்தப் பங்கை டேப் வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆர்மின் உட்பக்க புஷ் போல்ட்டிலிருந்து லிங்க் போல்ட் வரை ஓர் அளவு, அதே புஷ் போல்ட்டிலிருந்து வெளிப்பக்க பால் ஜாயிண்ட் வரை ஓர் அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 240 மி.மீ., 400 மி.மீ. என்று வந்தால் விகிதம் 0.6. சக்கரம் 50 மி.மீ. இறங்கியிருந்தால் லிங்க் முனை இறங்கியது 30 மி.மீ. மட்டுமே. அதில் 50 மி.மீ. கூட்டிய லிங்க்கைப் போட்டால் பாரின் கை பழைய நிலையைத் தாண்டி மேலே நிமிர்ந்து நிற்கும்.

ஸ்பேசரின் தடிமனும் தூக்கிய உயரமும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷாக்கின் மேல் மவுண்ட்டுக்கு மேலே வைக்கிற ஸ்பேசரில், ஆர்மின் நெம்புகோல் விகிதத்தால் சக்கரத்தில் கிடைக்கிற உயரம் அந்த ஸ்பேசரை விட அதிகம். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், சக்கர நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, தூக்குவதற்கு முன்பிருந்த அளவோடு ஒப்பிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் பெரிய டயரும் காற்றழுத்தமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். பழைய அளவு இல்லையென்றால், தூக்காத ஒரு தாரைப் பக்கத்தில் நிறுத்தி அளந்துகொள்ளலாம். காரைக்குடியில் அதற்குப் பஞ்சமில்லை.

பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று இனிமேல்தான் வருகிறது. வண்டியைத் தூக்கினாலும், சக்கரம் மேலேறுவதை ஓர் எல்லையில் நிறுத்தும் பம்ப் ஸ்டாப் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. சக்கரம் முழுக்க மேலேறினால் லோயர் ஆர்ம் பழையபடி அதே உயரத்துக்குத்தான் வரும். லிங்க் 30 மி.மீ. நீண்டிருந்தால், அந்த நிலையில் பாரின் கை நுனி முன்னைவிட 30 மி.மீ. மேலே போகும். அங்கே என்ன இருக்கிறது? சேசிஸ் ரெயில் இருக்கலாம், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் டை ராடு இருக்கலாம், ஏபிஎஸ் வயர், பிரேக் பைப் ஓடலாம். இடித்தால் லிங்க்தான் பம்ப் ஸ்டாப்பாகிவிடும், அதற்கு அந்த பலம் கிடையாது. லிங்க்கைக் குட்டையாகவே விட்டால் தொங்கும் நிலையில் கை திருப்பிக்கொள்ளும் அபாயம், ஸ்டட்டும் அதன் கோண எல்லையில் போய் முட்டும். மேலே ஸ்பேசர் வைத்தால் சக்கரம் முன்னைவிடக் கீழே தொங்கும் என்பதால் இந்த அபாயம் இன்னும் கூடும்.

ஆக, லிங்க்குக்கு ஒரு குறைந்தபட்ச நீளம் உண்டு, ஓர் அதிகபட்ச நீளம் உண்டு. தொங்கும் நிலையில் திருப்பிக்கொள்ளாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்பது முதலாவது. மேலேறிய நிலையில் எதிலும் இடிக்காமல் இருக்க எவ்வளவு வரை போகலாம் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நடுவே, நிற்கும் உயரத்தில் கை 90 பாகைக்கு எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு நல்லது. கணக்கில் வந்த 30 மி.மீ.யில் 20 மட்டும் கூட்டுவது பல வண்டிகளில் பொருத்தமாக அமையும். கை சற்றே கீழ்நோக்கி நிற்கும், அதனால் குறை ஒன்றும் வராது. உயரமான பம்ப் ஸ்டாப் போட்டால் மேல் எல்லை தாராளமாகும். அதற்குப் பதில் சக்கரத்தின் மேல்நோக்கிய ஓட்டம் கொஞ்சம் குறையும். பெரிய டயர் ஃபெண்டரில் உரசும் வண்டிக்கு அதுவே தேவையான மருந்தாகவும் இருக்கும்.

இதைச் சோதிக்கப் பட்டறையில் இரண்டு நிலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி இரண்டு முன் சக்கரங்களையும் தொங்கவிட்டு ஒன்று. பிறகு ஒரு சக்கரத்துக்குக் கீழே ஜாக்கி வைத்து, சேசிஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்புவரை மெல்ல மேலேற்றி, மற்றது தொங்க ஒன்று. பாரும் லிங்க்கும் கடந்து போகிற எல்லா இடத்திலும் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பியும் பார்க்க வேண்டும். பலரும் நேராக வைத்துப் பார்த்துவிட்டு முடிந்தது என்று விடுகிறார்கள், திருப்பினால்தான் டை ராடு நகர்ந்து வந்து உரசும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தால் முழு ஓட்டமும் தெரியும்தான், ஆனால் அதை ஸ்பிரிங் கம்ப்ரெசரில் பழகிய கை மட்டுமே செய்ய வேண்டும்.

பிறகு வெளியே ஒரு சோதனை. சந்தேகமான இடங்களில் சுண்ணாம்பைக் குழைத்து லேசாகத் தடவிவிட்டு, கண்மாய்க் கரையில் வண்டி ஏறும் பாதை ஒன்றில் குறுக்குச் சாய்வாக, ஃபோர் வீல் லோவில் ஆள் நடக்கும் வேகத்தில் ஏறி இறங்குங்கள். ஒரு முன் சக்கரம் மேலேறும், மற்றது தொங்கும். திரும்பி வந்து பார்த்தால் எங்கே உரசியதோ அங்கே சுண்ணாம்பு வழித்திருக்கும். கரையைச் சிதைக்காதபடி, ஏற்கெனவே டிராக்டர் போய்வருகிற தடத்திலேயே செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கரை ஊறியிருக்கும்போது வேண்டாம்.

இனி, இடது பக்கம் தாழ்ந்து நிற்கும் விஷயம். ஒரு பக்க லிங்க்கின் ஒரு முனையை மட்டும் கழற்றிவிட்டு வண்டியை இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டி, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஒரு முனை விடுபட்டாலே பார் முறுக்க முடியாது. இப்போது வண்டி நிமிர்ந்துவிட்டால் குற்றம் லிங்க்கில், இரண்டு பக்கமும் நீளம் ஒத்துப் போகவில்லை. நீளம் கூடிய லிங்க் தன் பக்கத்து பாடியை மேலே தள்ளும் என்பதால், உங்கள் வண்டியில் இடது லிங்க் குட்டை, அல்லது வலது லிங்க் நீளம். அப்போதும் அதே சாய்வு இருந்தால் லிங்க்கைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஸ்பேசர் சரியாக உட்காராமல் இருக்கலாம். லிங்க்கைத் திருகி அந்தச் சாய்வை மறைத்தால், நின்ற இடத்திலேயே பார் முறுக்கிக்கொண்டு இருக்கும். நான்கு சக்கரங்களில் எடை மாறி விழும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கலாம், இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் ஒரு மாதிரியும் வண்டி திரும்பும்.

லிங்க்கை அட்ஜஸ்ட் செய்யும் வேலைக்கு முதலில் சமதரை வேண்டும். வீட்டு வாசல் தெருவில் செய்யாதீர்கள். நம் செட்டிநாட்டு ஊர்களில் மழைத் தண்ணீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் வைத்துத் தெருவைப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இடமும் சமமாக இருக்காது. அரிசி ஆலையின் சிமெண்ட் தளமோ நல்ல அலைன்மென்ட் கடையின் மேடையோ பரவாயில்லை. அங்கேயும் கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவலைப் பிடித்து நான்கு டயர் நிற்கிற புள்ளிகளையும் பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது. ஓர் இடம் 5 மி.மீ. பள்ளமாக இருந்தால் அங்கே அதே தடிமனில் தகடோ டைல்ஸோ வையுங்கள்.

அடுத்து எடை. டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும், டாங்கில் பாதி டீசல் இருக்கட்டும். டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை வைத்து பெல்ட்டைப் போட்டுவிடுங்கள். 75 கிலோ, ஓர் ஆள் கணக்கு. ஆள் உட்கார்ந்தால் ஆடிக்கொண்டே இருப்பார், சிப்பம் ஆடாது. பெரும்பாலும் நான்கு பேராகத்தான் போவீர்கள் என்றால் அதற்கேற்ற எடையையும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீல் பம்பர், வின்ச், ரூஃப் கேரியர் போடும் எண்ணம் இருந்தால் அவற்றை மாட்டிய பிறகே இந்த வேலைக்கு வாருங்கள்.

வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது. இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் சக்கரம் தொங்கி இறங்கும்போது டயர்கள் உட்பக்கம் நெருங்கி நின்றுவிடும், வண்டி உயரமாகத் தெரியும். சில மீட்டர் உருட்டினால்தான் டயர் விரிந்து உண்மையான உயரத்துக்கு வரும். ஹேண்ட் பிரேக் போடாமல் டயருக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள்.

இப்போது இரண்டு லிங்க்கையும் ஒரே நீளத்துக்கு வையுங்கள். போல்ட் துளையின் நடுவிலிருந்து நடு வரை அளக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக மாட்டுங்கள். மறுபக்கம் மேல் முனையை மாட்டி, கீழ் முனையின் போல்ட்டைக் கையால் நுழைத்துப் பாருங்கள். சுத்தியல் வேண்டாம், நெம்புகோல் வேண்டாம். விரல்களால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பாரில் முறுக்கு இல்லை என்று பொருள். துளை தள்ளி நின்றால், துளைகள் நேருக்கு நேர் வரும்வரை அந்த ஒரு லிங்க்கை மட்டும் திருகுங்கள். ஒன்றிரண்டு சுற்று வித்தியாசம் எந்த வண்டியிலும் வரும், பாடியும் பிராக்கெட்டும் மி.மீ. பிசகாமல் வருவதில்லை. அதற்கு மேல் வித்தியாசம் கேட்டால் நிறுத்திவிட்டு ஸ்பிரிங், பிராக்கெட், பார் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புஷ்ஷுக்கு வெளியே பார் நீண்டிருக்கும் அளவு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை உள்ள லிங்க் என்றால் மாட்டிய இடத்திலேயே நடுத்தண்டைத் திருகலாம். எம்12 (12 மி.மீ. விட்டம்), 1.75 மி.மீ. மரை என்றால் ஒரு சுற்றுக்கு 3.5 மி.மீ. மாறும். ஒரு பக்கம் மட்டும் மரை என்றால் கழற்றித்தான் திருக வேண்டும், ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. மரை உள்ளே குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்காவது, அதாவது எம்12க்கு 18 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். நீளம் போதவில்லை என்று மரையை வெளியே இழுத்துக்கொண்டே போவது ஆபத்து, அடுத்த சைஸ் லிங்க் வாங்குங்கள். லாக் நட்டை முறுக்கும்போது பால் ஜாயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல், அதன் ஆட்டத்தின் நடுவில் நிற்கும்படி ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் புது லிங்க்கிலேயே சத்தம் வரும். ரப்பர் புஷ் உள்ள முனை என்றால், வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. தொங்கவிட்டு முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்டட் வகை என்றால் உள்ளே ஆலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள். நைலாக் நட் கழற்றினால் புதிது போடுங்கள். டார்க் அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து, டார்க் ரெஞ்சில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

‘டக்’ சத்தத்துக்கு வருகிறேன். பிட்டில் வண்டி சக்கரத்தில் நிற்கும்போது ஒருவர் பாடியை ஆட்ட, இன்னொருவர் லிங்க்கின் ஜாயிண்டில் விரல் வைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விரலில் தட்டும். இரண்டு லிங்க்கையும் கழற்றி பாரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஆளில்லாத தெருவில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சத்தம் போய்விட்டால் லிங்க் அல்லது பாரின் புஷ். போகவில்லை என்றால், தூக்கிய வண்டிகளில் அடிக்கடி வருவது ஷாக் முழுக்க நீண்டு கடைசியில் முட்டும் சத்தம். அதற்கு லிங்க் மாற்றிப் பயனில்லை. ‘டக்’ இல்லாமல் ‘கீச்’ என்றால் பார் புஷ் காய்ந்திருக்கும். சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

எந்த லிங்க் வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பளபளவென்று, மூடி இல்லாத ராட் எண்ட் (குண்டு வெளியே தெரியும் உலோக மூட்டு) வைத்த லிங்க் பார்க்க அழகாக இருக்கும். நம் மண் செம்புறை மண். பங்குனி சித்திரையில் தைலமரக் காட்டுப் பாதையில் ஒருமுறை போய்வந்தால் அந்தத் தூள் ராட் எண்டின் உள்ளே புகுந்து, மழைக்காலச் சேற்றோடு சேர்ந்து உட்பூச்சைத் தேய்த்துவிடும். பிறகு சத்தம் நிற்காது. ரப்பர் பூட் மூடிய பால் ஜாயிண்ட் அல்லது ரப்பர் புஷ் உள்ள, நீளம் மாற்றக்கூடிய லிங்க்தான் இந்தப் பக்கத்துக்கு ஏற்றது. பழைய லிங்க்கை நடுவில் அறுத்து ஒரு துண்டு வைத்து வெல்டு அடித்துத் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெல்டு ஓரத்தில் சூடு பட்ட இடம் தினசரி ஆட்டத்தில் விரிசல் விடும். நல்ல லேத்காரர் ஈஎன் 8 எஃகு ராடில் வலமரை இடமரை வெட்டிப் புதிதாகவே செய்துதருவார், அது வேறு.

நண்பர் சொன்னபடி பாரைக் கழற்றினால் என்ன? பாறையில் சக்கரம் நன்றாக மடங்கும், உண்மைதான். முன் ஆக்சில் ரிஜிடாக உள்ள வண்டியில் அந்த லாபம் கண்ணுக்குத் தெரியும், உங்கள் தாரின் முன்பக்கத்தில் அதைவிடக் குறைவு. அந்த லாபத்துக்குக் கொடுக்கிற விலை எவ்வளவு என்று பாருங்கள். 1,800 கிலோ வண்டி, எடைமையம் 70 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பில் பாதி அளவு பக்க விசை வரும் திருப்பத்தில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை 420 கிலோ. தூக்கியதால் மையம் 4 செ.மீ. ஏறினால் அது 444 ஆகிறது. தூக்கிய வண்டிக்குப் பார் முன்னைவிட அதிகம் தேவை. திருமயம் சாலையில் 90இல் போகையில் ஆடோ மயிலோ குறுக்கே வந்து சட்டென்று ஒடிக்க நேர்ந்தால், அந்தப் பார் இல்லாமல் நான் அந்த வண்டியில் உட்கார மாட்டேன். அப்பத்தா கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பின் பாரையும் சரிபார்த்தால் அவருக்கு வித்தியாசம் தெரியும்.

பின்பக்கம் ரிஜிட் ஆக்சில் என்பதால் லிங்க் நீளம் தூக்கிய அளவுக்கு நெருங்கி வரும், ஆனால் மேல் எல்லைச் சோதனை அங்கேயும் உண்டு. லிங்க் பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் லிங்க்கை விட்டுவிட்டு, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடைப் பாருங்கள். அந்த ராடு உள்ள வண்டியைத் தூக்கினால் ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். முதலில் அதைச் சரிசெய்து, வீல் அலைன்மென்ட் முடித்து, அதற்குப் பிறகே லிங்க்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. லிஃப்ட், பெரிய டயர் இரண்டும் ஆர்டிஓ சோதனையிலும் இன்சூரன்ஸ் கிளைமிலும் கேள்வியாக வரலாம்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு லாக் நட்டின் மேலும் தண்டோடு சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 100 கி.மீ. ஓடிய பின் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் அது படிந்து உட்கார நாளாகும், 1,000 கி.மீ. தாண்டியதும் சமதரையில் அதே மூன்று சிப்பத்தோடு போல்ட் கையால் நுழைகிறதா என்று மீண்டும் ஒருமுறை. அதற்கு முன் எனக்கு நான்கு அளவு மட்டும் எழுதுங்கள்: இரு முன் சக்கர நடுவிலிருந்தும் ஃபெண்டர் வரை, ஆர்ம் புஷ்ஷிலிருந்து லிங்க் போல்ட் வரை, புஷ்ஷிலிருந்து பால் ஜாயிண்ட் வரை. சக்கரத்தைத் தொங்கவிட்டு பாரின் கையைப் பக்கவாட்டில் எடுத்த ஒரு படமும் சேர்த்து அனுப்பினால், எந்த நீள லிங்க் தேடலாம் என்று சொல்லிவிடுகிறேன்.